முனைவர் பட்டத்துக்கு எந்தக் கணிதம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதுநிலை இறுதிப் பருவம் தொடங்கியதும் கணித மாணவர்கள் எழுதும் கடிதங்கள் எங்கெங்கோ தொடங்கி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஆய்வுக்கு எந்தக் கிளையை எடுப்பது? இம்முறை நான்கு கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் பதில் நீண்டுவிட்டது. அதில் சொன்னவற்றை மற்றப் பதில்களில் திரும்பச் சொல்லவில்லை என்பதால், எல்லோரும் அதை முதலில் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இயற்கணிதமும் மெய்யெண் பகுப்பாய்வும் எனக்குப் பிடித்தவை. இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எங்கள் துறையில் உள்ள நெறியாளர்கள் கிராஃப் லேபிளிங், ஃபஸ்ஸி டோபாலஜி ஆகிய இரண்டில்தான் மாணவர்களைச் சேர்க்கிறார்கள். அவற்றில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று சீனியர் அக்காமார்கள் சொல்கிறார்கள். வெளியூர் போய்ப் படிக்க வீட்டில் தயங்குகிறார்கள். போனாலும் எந்தக் கிளையைக் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும் அம்மா?
– முதுநிலை மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தில் ‘எந்தக் கிளை’ என்ற கேள்வியும் ‘எந்த இடம்’ என்ற கேள்வியும் பின்னிக் கிடக்கின்றன. இடத்தை முடிவு செய்தால், கிளையை எப்போது முடிவு செய்ய வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் சேருகிறவர்கள் முதலில் ஓராண்டோ அதற்கு மேலோ பாடங்கள் படித்து, பல ஆசிரியர்களின் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்த பிறகே நெறியாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் பெரும்பாலும் பதிவு செய்யும்போதே நெறியாளரின் ஒப்புதல் வேண்டும். அவருடைய கிளை எதுவோ அதுவே முதல் நாளிலிருந்து உங்கள் கிளை. எதை எடுப்பது என்று தெரியாத ஒருவருக்கு முதல் வகை இடங்கள் பொருந்தும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். தெரியாமல் இருப்பதை ஒரு குறையாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் முதுநிலைப் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் கால்வா கோட்பாட்டோடு இயற்கணிதம் நின்றுவிடுகிறது. இயற்கணித எண் கோட்பாடு, பிரதிநிதித்துவக் கோட்பாடு, அளவைக் கோட்பாட்டின் மேல் கட்டிய நிகழ்தகவு போன்றவற்றை நீங்கள் இன்னும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காததைப் பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்து, ‘பிடிக்கும்’ என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியது, பிறர் எழுதி முடித்த நிரூபணங்களை நீங்கள் சரியாகக் கற்றிருக்கிறீர்கள் என்பதைக் காட்டுகிறது. ஆய்வில் நாள்தோறும் செய்யும் வேலை வேறு. அது கிளைக்குக் கிளை பெரிதும் மாறுபடும். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் வேலை செய்பவரின் நாளில் பெரும்பகுதி சமனிலிகளோடு போகிறது: ஒரு தொகையீட்டை மேலிருந்து கட்டுப்படுத்த வேண்டும், கட்டுப்பாடு சற்றே போதாமல் போகும், வேறு வகையில் பிரித்து மீண்டும் முயல வேண்டும். இயற்கணித வடிவியலில் முதல் கணக்கைத் தொடுவதற்கு முன்பே பரிமாற்று இயற்கணிதம், ஷீஃப், கோஹோமாலஜி என்று இரண்டு ஆண்டுகள் படிப்பிலேயே கழிந்துவிடும்; கையில் சொந்த முடிவு ஏதுமின்றி அந்தக் காலத்தைப் பொறுத்திருக்கும் மனம் வேண்டும். பொருள்களை எண்ணுவதையும் அடுக்குவதையும் பற்றிய காம்பினடோரிக்ஸில் கேள்வி பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். விடைக்கான வழி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு ஒரு துப்பும் கிடைக்காமல் மாதங்கள் போகலாம். எந்தக் கிளையானாலும் ஆய்வாளர் பெரும்பகுதி நேரம் வழி அடைபட்டுத்தான் நிற்கிறார். எந்த வகை அடைப்பின் முன் நின்றால் மறுநாள் காலை மீண்டும் தாளை எடுக்கத் தோன்றுகிறதோ அதுவே உங்களுக்குரிய கிளை.

இதைச் சோதித்துப் பார்க்க ஆறு வாரம் போதும். உங்களைக் கவரும் இரண்டு கிளைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதுநிலைப் பாடநூல் ஒன்றின் முதல் மூன்று அத்தியாயங்களை மூன்று வாரம் படியுங்கள். பயிற்சிக் கணக்குகள் அனைத்தையும் தீர்வு பார்க்காமல் முயல வேண்டும். எத்தனை போட்டீர்கள் என்பதைவிட, போட முடியாத கணக்கைச் சோறு சாப்பிடும்போதும் பேருந்தில் போகும்போதும் மனம் தொடர்ந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, படித்த தேற்றம் ஒன்றைப் புத்தகம் இல்லாமல் தோழி ஒருவருக்குப் பலகையில் விளக்குங்கள். விளக்கும்போது எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது மதிப்பெண் பட்டியல் சொல்லாத பலவற்றைச் சொல்லும்.

இனி உங்கள் துறையில் உள்ள கிளைகளைப் பற்றி. இவற்றை இகழ்ந்து பேசுவோர் உண்டு. அவர்களோடு நான் சேரமாட்டேன். கிராஃப் என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்பு; அவற்றுக்கு எண்களை இடுவதே லேபிளிங். அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1963-இல் ரிங்கல் என்ற கணிதவியலாளர் ஒரு கேள்வி கேட்டார். பத்துக் கோடுகள் கொண்ட ஏதாவது ஒரு மரத்தை, அதாவது துண்டுபடாமலும் சுற்றி வரும் பாதை இல்லாமலும் உள்ள கிராஃபை, எடுத்துக்கொள்வோம். இருபத்தொரு புள்ளிகளில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் 210 கோடுகள் வரும். அந்த 210 கோடுகளையும் அதே மரத்தின் 21 பிரதிகளாக மிச்சமின்றிப் பிரித்துவிட முடியுமா? பத்துக்குப் பதிலாக எந்த எண்ணை வைத்தாலும் முடியும் என்பது அவருடைய ஊகம். 1967-இல் ரோசா என்ற கணிதவியலாளர் இதற்கு ஒரு வழி காட்டினார். மரத்தின் பதினோரு புள்ளிகளுக்கும் 0 முதல் 10 வரையிலான எண்களை இட்டு, ஒவ்வொரு கோட்டின் இரு முனை எண்களின் வித்தியாசங்களும் 1 முதல் 10 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும்படி செய்துவிட்டால் ரிங்கலின் பிரிப்பு கிடைத்துவிடும். இன்று ‘கிரேஸ்ஃபுல் லேபிளிங்’ என்று நாம் சொல்வது இதைத்தான். எல்லா மரங்களுக்கும் இப்படி எண்ணிட முடியுமா என்பது இன்னும் தீராத கேள்வி. ஆனால் ரிங்கலின் ஊகத்தை, போதிய அளவு பெரிய மரங்கள் அனைத்துக்கும், மான்ட்கோமரி, போக்ரோவ்ஸ்கி, சுடகோவ் ஆகிய மூவர் 2020-இல் நிரூபித்தார்கள். அவர்கள் கையாண்ட முக்கியக் கருவி நிகழ்தகவு.

இந்தக் கதையில் உங்களுக்கான செய்தி இருக்கிறது. ஒரே கிளையில் இரு வகை வேலைகள் நடக்கின்றன. ஒன்று, நெடுநாள் திறந்திருக்கும் கேள்வியை நோக்கி, பிற கிளைகளிலிருந்து கருவிகளைக் கற்று வந்து நகர்வது. மற்றொன்று, வரையறையில் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ புதிய லேபிளிங் ஒன்றுக்குப் பெயர் சூட்டி, அது பாதை, சுழல், சக்கரம் என்று பெயர் பெற்ற எளிய கிராஃப் வகைகளுக்குப் பொருந்துகிறது என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போவது. ஃபஸ்ஸி டோபாலஜியிலும் இதே பிரிவு உண்டு. ஓர் உறுப்பு கணத்தில் ஓரளவு மட்டும் சேர்ந்திருக்கலாம் என்னும் ஃபஸ்ஸி கணங்களை 1965-இல் சாதே முன்வைத்தபோது அதில் உண்மையான கருத்து ஒன்று இருந்தது. பிற்காலத்தில் மூடிய கணத்துக்குப் பத்து வகைப் புது வரையறைகளைச் செய்து, எது எதற்குள் அடங்கும் என்று அம்புக்குறிப் படம் வரைவதோடு நின்றுவிட்ட ஆய்வேடுகள் நம் நூலகங்களில் நிறைய இருக்கின்றன. சீக்கிரம் முடியும் என்று உங்கள் சீனியர்கள் சொல்வது இந்த இரண்டாம் வகையைத்தான். சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுகளில் புதிய கருவி எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். அதன் விலையை அடுத்த முப்பது ஆண்டுகள் வகுப்பிலும் ஆய்விலும் கொடுக்க வேண்டியிருக்கும்.

எனவே ஒரு நெறியாளரிடம் போகும்போது கிளையின் பெயரைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். அவர் தரும் கேள்வியை அவருடைய மாணவர்கள் அல்லாத யாராவது, எங்கேயாவது கேட்டிருக்கிறார்களா? அதைத் தீர்க்க நீங்கள் புதிதாக எதைக் கற்க வேண்டியிருக்கும்? விடை ‘இல்லை’ என்று வந்தாலும் யாருக்காவது ஏதாவது தெரியவருமா? இவற்றை அடக்கமாக, ஆனால் நேராகக் கேளுங்கள். நல்ல நெறியாளர் மகிழ்ந்து பதில் சொல்வார். அவருடைய கட்டுரைகளை இணையத்தில் கட்டணமின்றித் தேட முடியும். 1991 முதல் இயங்கும் ஆய்வுக்கட்டுரைத் தளமான ஆர்க்சைவில் கணிதம் 32 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது, இசட்.பி. மேத் தரவுத்தளமும் 2021 முதல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று ஒரு மாலை நேரம் பார்த்தாலே, ஒரு கேள்வி உலகத்தோடு பேசுகிறதா, ஐந்தாறு பேர் கொண்ட வட்டத்துக்குள் சுற்றுகிறதா என்பது விளங்கும். அவருடைய இப்போதைய மாணவிகளிடம் அவர் இல்லாத இடத்தில் பேசுங்கள்: வாரம் எத்தனை முறை சந்திக்கிறார், எழுதியதைத் திருத்தித் தருகிறாரா, முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், மரியாதையாக நடத்துகிறாரா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்வரலாம் என்பதற்காகவே ஒரு கல்லூரியில் ஆய்வுக்குச் சேர்ந்தேன். நெறியாளர் நல்லவர், கிளையும் கௌரவமானதே. ஆனால் அந்தக் கட்டடத்தில் அவரைத் தவிர என் வேலையைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. அவர் உடல்நலமின்றி விடுப்பில் போன ஓராண்டு முழுவதும் ஒரே துணைத்தேற்றத்தில் நான் சிக்கிக் கிடந்தேன். பின்னர் ஒரு கருத்தரங்கில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அரை மணி நேரத்தில் பிழையைக் காட்டினார். அன்றிலிருந்து யார் கேட்டாலும், உங்கள் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய மூன்று பேராவது நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி வருகிறேன்.

வெளியே அனுப்பும் ஆசிரியரின் அருமையையும் இங்கே நினைவுகூர வேண்டும். சென்னையில் பழைய பகுப்பாய்வு மரபு கோலோச்சிய காலத்தில், லயோலா கல்லூரியில் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன் தம் மாணவர்களுக்கு ஐரோப்பாவின் புதிய கணிதத்தை அறிமுகப்படுத்தி, அவர்களை மும்பைக்குப் போகச் சொன்னார். அப்படி 1953-இல் டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தவர்களே சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும். ஒருவர் இயற்கணித வடிவியலிலும் மற்றவர் பகுப்பாய்விலும் வேரூன்றியவர்கள். 1965-இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் அந்த இரு உலகங்களுக்கும் பாலமானது. உங்கள் கல்லூரியிலும் அத்தகைய மனம் கொண்ட ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

இந்த ஆண்டு செய்ய வேண்டியவை: அணுசக்தித் துறையின் கீழ் 1983 முதல் இயங்கும் தேசிய உயர் கணித வாரியத்தின் உதவித்தொகைத் தேர்வு, நெட், கேட் ஆகிய மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள், பாடங்கள் பெரும்பாலும் பொதுவானவை. எம்.டி.டி.எஸ். என்னும் கணிதக் கோடைப் பயிற்சி முகாமுக்கும் எழுதிப் போடுங்கள். 1993-இல் தொடங்கிய அந்த முகாமில் விரிவுரையைக் குறிப்பெடுப்பதோடு விட்டுவிடுவதில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு மாணவரையே சிந்திக்க வைப்பார்கள். வீட்டில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் உதவித்தொகை என நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. வெளியூரில் தங்கிப் படிக்கும் மகளுக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டிய நிலை இராது.

கேள்வி: அப்ளைடு கணிதம் எடுத்தால் வேலை கிடைக்கும், தூய கணிதம் எடுத்தால் ஆசிரியர் வேலை மட்டும்தான் என்கிறார் என் அண்ணன். எனக்கு எண் கோட்பாட்டில் ஆர்வம். அவர் சொல்வது சரியா ஐயா/அம்மா?
– முதுநிலை மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் அண்ணனின் அக்கறை சரியானது, அவர் பார்க்கும் பெயர்ப்பலகை தவறானது. நம் ஊரில் அப்ளைடு என்ற பெயரில் நடக்கும் பாய்ம இயக்கவியல் ஆய்வுகளில் ஒரு பகுதி, எல்லைப்படலச் சமன்பாட்டைச் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடாகச் சுருக்கி, தயாராக உள்ள மென்பொருளில் இட்டு வரைபடம் எடுப்பதோடு முடிகிறது. அடுத்த கட்டுரையில் காந்தப்புலம் சேரும், அதற்கடுத்ததில் நுண்துளை ஊடகம் சேரும். எந்தத் தொழிற்சாலையும் அந்த வரைபடங்களுக்காகக் காத்திருப்பதில்லை. மறுபுறம், நீங்கள் விரும்பும் எண் கோட்பாட்டில் உள்ள நீள்வட்ட வளைவுகளைக் குறியாக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1985-இல் கோப்ளிட்ஸும் மில்லரும் தனித்தனியே கண்டார்கள். உங்கள் கைபேசி பாதுகாப்பான இணையதளத்தோடு பேசும்போது பெரும்பாலும் அந்தக் கணிதமே வேலை செய்கிறது.

வேலை தருபவர்கள் கிளையின் பெயரை விட, நீங்கள் எதைச் செய்து காட்ட முடியும் என்றே கேட்கிறார்கள். எண் கோட்பாட்டையே எடுங்கள். கூடவே நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதத்தின் கணக்கிடும் பகுதி, பைத்தான் நிரலாக்கம் மூன்றையும் ஆய்வுக்காலத்தில் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வில் வரும் வளைவுகளைக் கணினியில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஊகங்களைக் கண்டுபிடிக்கவும் உதவும், பின்னாளில் வேலைக்கும் உதவும். சென்னைக்காரரான எஸ்.ஆர்.எஸ். வரதன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு, தொழிற்சாலைகளுக்கான புள்ளியியலைக் கற்கும் எண்ணத்தோடுதான் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனார். அங்கிருந்த மூத்த மாணவர்களின் கூட்டுறவு அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் திருப்பியது. 2007-இல் அவர் ஏபெல் பரிசு பெற்றது அந்தக் கோட்பாட்டுக்காக. மிக அரிதாக நடப்பவற்றின் வாய்ப்பைக் கணிக்கும் அவருடைய பெருவிலக்கக் கோட்பாடு இன்று காப்பீட்டு இடர்க் கணக்கிலும் தகவல்தொடர்பு வலைகளிலும் பயன்படுகிறது.

கேள்வி: அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன், வயது 36. பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்ய எளிய கிளை எது?
– ஆசிரியர், விழுப்புரம்

பதில்: எளிய கிளை என்று ஒன்றை என்னால் சுட்ட முடியாது, உங்கள் நேரத்துக்குப் பொருந்தும் வேலை முறை என்று ஒன்று உண்டு. அரை மணி நேரத் துண்டுகளாகக் கிடைக்கும் பொழுதில் நீண்ட கட்டமைப்புகளை மனத்தில் தாங்கிக்கொண்டிருப்பது கடினம். காம்பினடோரிக்ஸ், தொடக்கநிலை எண் கோட்பாடு, அணிக் கோட்பாடு ஆகியவற்றில் உள்ள சில கேள்விகளைச் சிறு எடுத்துக்காட்டுகளாக உடைத்துப் பையில் வைத்துக்கொண்டு திரியலாம். இவற்றில் தரமான வேலைக்கும் இடம் உண்டு. 2022-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி பகுதிநேர ஆய்வுக்குப் பணியிடத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்பது பொது வரையறை. சனிக்கிழமைகளில் நேரில் சந்திக்க ஒப்புக்கொள்ளும் நெறியாளரைத் தேடுங்கள். சந்திக்க வேண்டியதில்லை, கட்டுரையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் முடிக்கப் போகிறேன். வெளிநாட்டில் ஆய்வு செய்ய விண்ணப்பிக்கும்போது கிளையைத் தீர்மானித்திருக்க வேண்டுமா? தவறாகத் தீர்மானித்தால் பிறகு மாற்ற முடியுமா?
– மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலைப் பட்டத்தோடு நேரடியாக முனைவர் படிப்பில் சேர்க்கின்றன. முதல் ஓரிரு ஆண்டுகள் பாடங்களும் தகுதித் தேர்வுகளும் நடக்கும், பிறகே நெறியாளர். நோக்க அறிக்கையில் நீங்கள் எழுதும் கிளை உங்களைக் கட்டிப்போடாது. ஆனால் அங்கே உள்ளவர்களின் வேலையைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறீர்களா என்பது வாசிப்பவருக்கு உடனே தெரியும். பிரிட்டனில் பெரும்பாலும் நெறியாளரையும் ஆய்வுப் பரப்பையும் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். ஜெர்மனியில் பொதுவாக முதுநிலைப் பட்டமும் எதிர்பார்க்கப்படும். கிளை இன்னும் தெளியவில்லை என்றால் அமெரிக்காவையோ, ஐரோப்பாவில் ஒரு முதுநிலைப் படிப்பையோ நோக்கிப் போவது பொருத்தம்.

மாற்றுவதைப் பற்றி: ஹரீஷ்-சந்திரா கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் இயற்பியலில் 1947-இல் முனைவர் பட்டம் பெற்ற பிறகு கணிதத்துக்கு வந்து, பிரதிநிதித்துவக் கோட்பாட்டின் தூண்களில் ஒருவரானார். அவரோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றம் நடக்கும் முறையைப் பாருங்கள். இயற்பியலில் அவர் ஆராய்ந்த லோரன்ட்ஸ் குலத்தின் பிரதிநிதித்துவங்களே அவரைப் புதிய கிளைக்குள் கொண்டுவந்தன. நீங்களும் மாற நேர்ந்தால், இதுவரை கற்ற கருவி ஒன்றாவது உடன் வரக்கூடிய பக்கத்துக் கிளையைப் பாருங்கள். முதல் ஆண்டு முடிவதற்குள், புதிய நெறியாளரிடம் ஒரு பருவப் பாடமோ வாசிப்புப் பயிற்சியோ செய்து முடித்திருங்கள். அதன் பிறகு பழைய நெறியாளரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். வேறொருவர் வாயிலாக அவர் கேள்விப்படும்படி விட்டுவிடாதீர்கள். அடுத்த பத்தாண்டுக்கு உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.